வளைவில் அறுந்த ஹோஸ்

தம்பியின் ஸ்போர்ட்ஸ் கார் பள்ளத்தில் உருண்டு, அவன் செத்து எட்டு நாள். நசுங்கிய கார் அண்ணன் இருதயத்தின் ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்தது. யாரும் தொடாமலே அதன் பிரேக் பெடல் அவ்வப்போது முனகும்.

எஸ்டேட் முதலாளி துரைசிங்கம் வந்தார். "இதுல அறுபத்தெட்டாம் வருஷ மாடலோட பிரேக் ஆயில் போற ஹோஸ் ஏன் இருக்குன்னு போலீஸ் கேக்குது. இந்த எழுபத்திரண்டாம் வருஷ மாடலுக்கும் அது பொருந்தும்னு எழுதிக் கொடு. இல்லே, கடையைக் காலி பண்ணு."

இருதயம் எழுதினான். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் கடிதத்தையும், சர்வீஸுக்கு வந்திருந்த முதலாளியின் கார் சாவியையும் சேர்த்து அவரிடமே நீட்டினான்.

"உங்க எழுபத்திரண்டு மாடல் காருக்கும் அதே ஹோஸ்தான் மாட்டியிருக்கேன், முதலாளி. மலை இறங்கிப் பாருங்க."

"ஐயோ, வேணாம்! அது நீளம் பத்தாது. வளைவுல ஒடிச்சுத் திருப்பினா அறுந்துடும்!"

"தம்பி கார்ல அது வளைவுலதான் அறுந்துச்சுன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலியே, முதலாளி."

மூலையில், பேட்டரி கழற்றிய காரில், பிரேக் விளக்கு சிவப்பாய் எரிந்தது.