நகராத மெஷினும் இருமல் வார்டும்

காய்ச்சல் வார்டில் ஒருவர் இருமினால் போதும், பக்கத்துக் கட்டில்காரரும் மறுநாள் இரும ஆரம்பித்துவிடுவார். அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குச் சக்கரம் வைத்த காற்று சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வந்தது. பெரிய டாக்டர் சபாநாயகம் அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பூஜையும் முடித்து, தன் அறையிலேயே ஓடவிட்டுக்கொண்டார்.

வார்டு ஆயா எசக்கியம்மா போய், மெஷினை வார்டுக்குத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"நகர்த்தினா அடிபடும். மெஷின் இந்த ரூமை விட்டு வெளியே வராது. ஆனா வார்டுல இனி ஒருத்தருக்கும் தொத்தக் கூடாது. தொத்துச்சுன்னா உனக்கு வேலை கிடையாது!" என்றார் டாக்டர்.

"சரிங்கய்யா" என்று போனவள், சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். பின்னாலேயே இருமுகிறவர்கள் அத்தனை பேரும் போர்வையோடு வந்து டாக்டரைச் சுற்றி உட்கார்ந்து, ஆளாளுக்கு இருமினார்கள்.

"என்ன கூத்து இது?" டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"மெஷின் வார்டுக்கு வராதுன்னீங்க. அதான் வார்டையே மெஷின்கிட்ட கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கய்யா."

டாக்டர் எழுந்தார். மெஷினைத் தானே பிடித்து, வராந்தாவில் தள்ளிக்கொண்டு வார்டைப் பார்த்து ஓடினார். மாலை அறுந்து வழியெல்லாம் பூ.

எசக்கியம்மா பின்னாலேயே ஓடினாள்.

"பைய தள்ளுங்கய்யா, பைய! மெஷினுக்கு அடிபட்டுறப் போகுது!"