சாரை கட்டிய கீரிக்கட்டு

கருவேலங்காட்டில் ஒரு கீரி வேர் விற்றுப் பிழைத்து வந்தது.

பாம்புக்கு ஆகாத வேர் அது. கீரி அதைத் தோண்டி, கழுவி, கட்டாகக் கட்டி, வளை வளையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். "வாசலுக்கு உள்ளே வை. வெளியே வைத்தால் மழையில் வாசம் போய்விடும்" என்று சொல்லிவிட்டு வரும். ஒரு கட்டுக்கு ஒரு பிடி இலந்தைப்பழம் விலை. எலியும் தவளையும்கூட அதனிடம் பயப்படாமல் வாங்கின. "வாங்குகிறவரையே தின்றுவிட்டால் அப்புறம் யாரிடம் விற்பது!" என்பது கீரியின் தொழில் தர்மம்.

காடு முழுக்க அந்தக் கட்டுக்குக் கீரிக்கட்டு என்றே பெயர்.

ஒருநாள் ஆலமரத்துக் குரங்கு கீரியைக் கூப்பிட்டது.

"ஏன் தம்பி இப்படி அலையுறே? கால் தேயலையா? என் மரத்துல பெரிய சந்தை போட்டிருக்கேன். வேணுங்கிறவங்க ஒரு குரல் கொடுத்தாப் போதும். என் அணில்கள் வாசல்லயே கொண்டுபோய்ப் போட்டுடும்!"

"உனக்கு என்ன லாபம்?"

"பாதிப் பழம்!"

"பாதியா!"

"பத்து மடங்கு விக்கும்போது பாதி பெரிசா?"

கீரி கணக்குப் போட்டுப் பார்த்தது. கால்வலியையும் சேர்த்துப் போட்டது. சரி என்றது.

அன்றிலிருந்து மத்தியானத்தில் சரக்கைக் கொண்டுவந்து குரங்கு காட்டிய பொந்தில் போட்டுவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டது. விற்பனை எகிறியது. குறை இருப்பவர்கள் மரத்தடியில் ஒரு முள்ளைப் போடலாம் என்பது சந்தை வழக்கம். முட்களும் வந்தன. "அணில் லேட்!" "கட்டு சின்னது!" "வேர் நாறுது!"

"வேர்னா நாறாம மணக்குமா!" என்று கீரி முணுமுணுத்தது.

இதையெல்லாம் ஒரு சாரைப்பாம்பு பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் குரங்கிடம் வந்தது.

"அண்ணாச்சி, நானும் வேர்க்கட்டு போடலாமா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "பாம்பை விரட்டுற கட்டைப் பாம்பே விக்கிறதா? சரி, எனக்கு எவ்வளவு?"

"எனக்குப் பழமே ஆகாது. அத்தனையும் உங்களுக்குத்தான்."

"அப்படிச் சொல்லு! இனிமே உன் கட்டுதான் மேலே இருக்கும்!"

கையில்லாத சாரை எப்படிக் கட்டு கட்டியது என்று கேட்காதீர்கள். அதற்கு உடம்பே கயிறு. கோரைப்புல் வேரை முறுக்கி, பார்த்தால் வித்தியாசமே தெரியாதபடி கட்டி, கீரி இல்லாத நேரம் பார்த்து அதன் கட்டுகளுக்கு மேலேயே போட்டது. அணில்கள் கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு ஓடின. எந்த வளைக்கு ஓடுகின்றன என்பதை மட்டும் சாரை கவனித்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் முட்கள் குறைந்தன.

"பார்த்தியா தம்பி! வியாபாரம் ஏறுது, முள்ளு குறையுது!" என்றது குரங்கு.

கீரி பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டது. முள் போட வேண்டியவர்களெல்லாம் சாரையின் வயிற்றில் இருக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அப்போது ஒரு சுண்டெலி குட்டிகள் போட்டிருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள். சந்தையிலிருந்து வந்த கட்டை வாசலுக்கு உள்ளே சரியாக வைத்துவிட்டு, குட்டிகளை அணைத்தபடி படுத்திருந்தது. உச்சிவெயில் நேரத்தில் சாரை வந்து தலையை நீட்டியது.

"ஐயோ! இந்தக் கட்டைப் பார்த்து நீ பயப்படணுமே!" என்று எலி அலறியது.

"நான் கட்டினதைப் பார்த்து நானே பயப்படவா, தாயி? அவசரமில்லை. இப்பத்தான் ஒரு வாடிக்கையாளரை முடிச்சுட்டு வரேன்." சாரையின் வயிறு புடைத்திருந்தது.

எலிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓட வழியில்லை. ஓடினாலும் குட்டிகளை எப்படித் தூக்குவது? பேசுவதுதான் வழி.

"அண்ணே, இது நீ கட்டினதா? என்ன கைவேலை! ஆனா பாவம் நீ."

"நான் பாவமா?"

"பின்னே? பாடு உன்னோடது, பேரு கீரிக்கா? காடே 'கீரிக்கட்டு, கீரிக்கட்டு'ன்னு அவனைத்தானே கொண்டாடுது!"

சாரையின் நாக்கு வெளியே வந்தபடியே நின்றது. வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருக்கும்.

"இப்ப சந்தையில நல்ல கூட்டம் இருக்கும். போய் உன் பேரைச் சொல்லு. நாங்க எங்கே போயிடப் போறோம்? இதுகளுக்குக் கண்ணுகூடத் திறக்கல."

சாரை புறப்பட்டது.

சாரை ஆலமரக் கிளையில் ஏறிக் கத்தியது. "எல்லாரும் கேளுங்க! நீங்க வாங்குற கட்டு கீரி கட்டினதில்ல, நான் கட்டினது! சுத்தமான கோரைப்புல்! எந்தப் பாம்பும் பயப்படாது. நானே சாட்சி!"

சரக்கு இறக்க வந்திருந்த கீரி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல்! சாரை அதற்குப் பிறகு விளம்பரம் செய்யவில்லை.

"என் பேர்ல எவன் சரக்கையோ வித்தியே!" என்று கீரி குரங்கிடம் சீறியது.

"நான் இடம்தானே கொடுத்தேன் தம்பி? மோந்து பார்க்கிறதா என் வேலை?"

"பழத்தை மட்டும் மோந்து பார்த்து வாங்கினியே!"

கீரி மறுபடி வளை வளையாக நடந்து பொய்க்கட்டுகளைப் பொறுக்கியது. சில வளைகளில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை. எலியின் வாசலுக்கு வந்து, நல்ல கட்டு ஒன்றைத் தன் கையாலேயே நீட்டியது.

"பழம் வேண்டாம்மா. வாங்கிக்கோ."

எலி கட்டைத் தொடவில்லை. "கட்டை நம்பி ஒரு தடவை வாசலைத் திறந்து போட்டேன். இப்ப நீ வாசல்ல படு. இதுகளுக்குக் கண்ணு திறக்கட்டும், அப்புறம் உன் கட்டைப் பத்திப் பேசலாம்."

கீரி கட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் படுத்துக்கொண்டது.

சந்தையில் சரக்கை விற்கலாம். ஆனால் நம் பெயரை அடுத்தவர் பொந்தில் போட்டுவிட்டு வந்தால், நம் பகைவனும் அதை எடுத்துக் கட்டிக்கொள்வான்.