காரில் வந்த மாப்பிள்ளை

கோணக்குடியில் அங்கமுத்து, சடையப்பன், தவசி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். அப்பா அவர்களுக்கு விட்டுப்போனது ஒரு பழைய காரும் கொஞ்சம் புத்தியும். காரைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். புத்தியைப் பங்கு போட்டபோதுதான் எங்கோ கைதவறிவிட்டது.

தங்கை செவ்வந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான்.

"பிள்ளையார் கோயில்லேர்ந்து நம்ம வீட்டுக்கு அவரு கார்லதான் வரணும். நடந்து வந்தாருன்னா நான் மணையில உக்காரவே மாட்டேன்" என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அண்ணன்மார் உடனே மெக்கானிக்கைக் கூட்டிவர ஓடினார்கள்.

மெக்கானிக் காதர் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"பிரேக் குழாய் நல்லாத்தான் இருக்கு. மேலாகத் துரு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். கம்பி பிரஷ்ஷால தேயுங்க. கண்ணுல தூசி விழாம பாத்துக்குங்க. விரலால தடவிப் பாத்து, விரல் சுத்தமா இருந்தா பெயிண்ட் அடிங்க. கடைசியா பிரேக்கை மிதிச்சுப் பாருங்க. வண்டி நின்னாத்தான் மாப்பிள்ளையை ஏத்தணும்."

மூவரும் பிரஷ்ஷோடு வண்டிக்கு அடியில் புகுந்தார்கள்.

"கண்ணைத் திறந்தாத்தானே தூசி விழும்?" என்றான் தவசி. அதுவும் சரிதான் என்று மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். கண்ணைத் திறந்தபோது குழாய் பழையபடியே இருந்தது. அங்கமுத்துவின் வெள்ளி அரைஞாண்கொடி மட்டும் புதுசாக மின்னியது.

குழாயைத் தடவினார்கள். விரலெல்லாம் செம்மண் நிறம்.

"பாய் எது சுத்தமா இருக்கணும்னாரு, குழாயா விரலா?" என்று கேட்டான் சடையப்பன்.

"விரல்" என்றார் அங்கமுத்து.

சோப்புப் போட்டு விரலைக் கழுவினார்கள். பளிச்சென்று ஆனது. உடனே பெயிண்டை அடித்தார்கள்.

மாப்பிள்ளை கோயிலுக்கு வந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். அங்கமுத்து அவசரமாகக் காரில் ஏறிப் பிரேக்கை மிதித்தார். என்ஜினை யாரும் கிளப்பவில்லை. பாய் அதைச் சொல்லவில்லையே.

"நிக்குதா?"

"அசையாம நிக்குதுண்ணே!"

"இப்பக் காலை எடுத்துட்டேன்."

"அடேயப்பா, இப்பவும் நிக்குது!"

பாயின் கைராசியை எண்ணி மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் சடையப்பனுக்குப் பயம் வந்தது. "இவ்வளவு பலமான பிரேக்கை வச்சுக்கிட்டு வண்டி எப்படிண்ணே கோயிலுக்குப் போகும்?"

நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு கோயிலுக்கு ஓடி, மேளதாளத்தோடு மாப்பிள்ளையை நடத்திக் கூட்டிவந்து, வாசல் கொட்டகையில் நின்ற காரில் உட்காரவைத்தார்கள்.

"நடந்து வந்துட்டாரே!" என்று பதறினான் தவசி.

"காருக்குத்தான்டா நடந்து வந்தாரு. வீட்டுக்குக் கார்லதான் வரப்போறாரு" என்றார் அங்கமுத்து.

அவரே ஸ்டியரிங்கைப் பிடித்து ஹாரன் அடித்தார். மேளக்காரர்கள் காரை மூன்று முறை சுற்றி வந்தார்கள். பிறகு சடையப்பன் கதவைத் திறந்தான். "வீடு வந்துடுச்சு மாப்பிள்ளை, இறங்குங்க."

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த செவ்வந்தி நிம்மதியாகப் பூ வைத்துக்கொள்ளப் போனாள்.

"வண்டி எப்படி மாப்பிள்ளை?" என்று அங்கமுத்து பயந்துகொண்டே கேட்டார்.

மாப்பிள்ளை கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டார். "நல்லாத்தான் ஓட்டுனீங்க மச்சான். ஆனா அந்தத் திருப்பத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்."