நிலாச்சாந்தில் ஒரு நத்தை

வடிவு என்ற யானைக்கு முதுகு வெடித்துவிட்டது. கோடை வெயில் அப்படி. மூங்கில் காட்டில் நிழல் குறைந்துபோய், தோல் வறண்டு பாளம் பாளமாகப் பிளந்துகொண்டது. வாலை ஆட்டினாலே வலித்தது, பாவம்.

பௌர்ணமி வந்தால் யானைக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிடும். வழியெல்லாம் நிழலே இல்லாத பொட்டல். கூட்டத்தின் தலைவி பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "முதுகு ஆறலைன்னா நீ இங்கேயே இருந்துக்க. பாதி வழியில படுத்துட்டா உன்னை யாரு தூக்கறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் தன்னந்தனியாக இருப்பதை நினைத்தாலே வடிவுக்கு அழுகை முட்டியது.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் பன்னீர் என்ற புனுகுப் பூனை. தேக்கிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தான். காடே மணத்தது!

"நிலாச்சாந்து, அக்கா. நிலா வெளிச்சம் உறைஞ்சு கிடந்த இடத்துல என் கையால வழிச்சது."

விலை, பொட்டலத்துக்கு ஒரு முழுப் பலாப்பழம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வடிவு கேட்டாள். அது பரம்பரை ரகசியம் என்றான். அதோடு இரண்டு நிபந்தனையும் போட்டான். துதிக்கையைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கக் கூடாது. மூச்சுப் பட்டால் நிலா கலைந்துவிடும். குளத்துச் சேற்றுப் பக்கமும் போகக் கூடாது. அது பன்றிகள் பூசுகிற சரக்கு.

காட்டிலேயே பெரிய மூக்குக்காரி, மோந்து பார்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். என்னத்தைச் சொல்ல!

இலைக்கொத்தால் தொட்டு முதுகில் பூசினாள். முதலில் குளிர்ந்தது. பிறகு அரித்தது. அப்புறம் எரிந்தது. பன்னீரிடம் போய் முறையிட்டாள்.

"எரியுதா? அப்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான் பன்னீர். மணம் இருமடங்கு கூடிய இரட்டை நிலாச்சாந்தை எடுத்து நீட்டினான். அதற்கு இரண்டு பலாப்பழம்.

வடிவு தன் பங்குப் பழத்தையெல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டு வெறும் மூங்கில் இலையை மென்றாள். பன்னீரின் தொப்பை தரையைத் தொட்டது.

பௌர்ணமிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வடிவு புதுப் பொட்டலத்தைப் பிரித்தாள். சாந்து நகர்ந்தது. நிலா நகரலாம், சாந்து நகருமா? அவள் இரண்டடி பின்வாங்கினாள். சாந்துக்குள்ளிருந்து குட்டிக் கொம்பு இரண்டு நீண்டன. பின்னாலேயே ஒரு நத்தை எட்டிப் பார்த்தது.

"யம்மா, குளத்துக்கு எந்தப் பக்கம் போகணும்? சேத்துல தூங்கிட்டிருந்தேன். ஒரு பூனை வந்து சேத்தோட என்னையும் அள்ளிட்டான். அதுமேல வாலுக்கடியை வேற தேய்ச்சான். நாத்தம் தாங்கலம்மா."

நிபந்தனை காற்றில் பறந்தது. வடிவு துதிக்கையை நீட்டி நன்றாக மோந்தாள். சேறு! குட்டியிலிருந்து அவள் புரண்ட அதே குளத்துச் சேறு. அதற்குமேல் பன்னீரின் வாலடியில் சுரக்கிற புனுகு. முதலில் குளிர வைத்தது சேறு. அரிக்கவும் எரியவும் வைத்தது புனுகு.

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கு ஒன்று கீழே விழுந்தது. நத்தையைத் துதிக்கை நுனியில் ஏற்றிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். புனுகு போகக் கழுவினாள். தொப்பென்று சேற்றில் சாய்ந்தாள். தவளைகள் நாலா பக்கமும் தெறித்தன.

அன்றிலிருந்து தினமும் வெறும் சேறுதான். எரிச்சல் அடங்கியது. வெடிப்பும் மெல்ல மூடிக்கொண்டது.

கூட்டம் கிளம்புகிற அன்று பெரியம்மா அவள் முதுகைத் தடவிப் பார்த்து, முன்வரிசையில் நடக்கச் சொன்னாள். வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது பார்த்துத் தொப்பையை இழுத்துக்கொண்டு வந்து நின்றான் பன்னீர்.

"அக்கா, புதுச் சரக்கு. சூரியச்சாந்து. வழிக்கு உதவும்."

வடிவு துதிக்கையைப் பொட்டலத்துக்குள்ளேயே விட்டு மோந்தாள்.

"சேறு இருக்கு. உன் புனுகு இருக்கு. அட, நான் குடுத்த பலாப்பழமும் இருக்கு! தம்பி, சேறு எனக்குக் குளத்துலயே கிடைக்கும். புனுகு எனக்கு ஆகாது. பழத்தை மட்டும் தனியா எடுத்துக் குடு, தின்னுட்டுப் போறேன்."

மேலே பூசுகிற எதையும் மணத்தையும் விலையையும் பார்த்து மயங்காமல், உள்ளே இருப்பது என்ன, அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குத் தோலும் பிழைக்கும், பழமும் மிஞ்சும்.