கையை ஊன்றாமல் எழுந்த கிழவி

சத்தியம்! சத்தியம்! முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கு என் உலையில் அரிசி வேகாமல் போகட்டும். உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

நொச்சிக்காடு என்கிற ஊரிலே சடைச்சி என்று ஒரு கிழவி இருந்தாளாம். எவ்வளவு கிழவி என்றால், அவளுக்குப் பல் இருந்த காலத்தைப் பார்த்தவர் ஊரில் எவருமில்லை. தனி வீடு, தனி அடுப்பு, கொல்லையிலே கிணறு, பாகற்பந்தல், கத்தரிப்பாத்தி. தண்ணீர் இறைப்பாள், களை பறிப்பாள், தானே ஆக்கித் தானே தின்பாள். "உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டால், "எனக்கு நான் இருக்கேன், போதாதா?" என்பாள்.

அந்த நாட்டு ராஜா பூவராகன் நல்ல மனுஷன்தான். யோசிக்கிற வேலையை மட்டும் மந்திரி மாதவராயரிடம் விட்டிருந்தார். மந்திரிக்கு வயது நாற்பது. ஆனாலும் கட்டிலிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்குப் பல்லக்கில்தான் போவார். செருப்பு மாட்டிவிட ஓர் ஆள், கொட்டாவி விட்டால் சொடக்குப் போட இன்னோர் ஆள். பல்லக்குகள் பெருகிப்போய் நிறுத்த இடமில்லை. அரண்மனை மதிலை ஒட்டிச் சடைச்சியின் கொல்லை இருந்ததா, மந்திரியின் கண் அதில் விழுந்தது.

ராஜாவிடம் போய் மூக்கை உறிஞ்சினாராம். "மகாராஜா, வயசானவங்க உழைக்கிறதைப் பார்த்தா என் நெஞ்சு வெடிக்குது. ஓய்வு மண்டபம் ஒண்ணு கட்டுவோம். அறுபது தாண்டினவங்க வந்து படுத்துக்கட்டும். அவங்க வீடு வாசலை நான் பார்த்துக்கறேன்."

"ஆகா, என்ன இரக்கம்!" என்று ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபம் எழும்பியது. உள்ளே போனவர்களுக்கு ஊட்டிவிட ஆள், குளிப்பாட்ட ஆள், முதுகு சொறியவும் ஆள்.

"இங்கேயா, தாத்தா?"

"கொஞ்சம் மேலே."

"இங்கேயா?"

"கொஞ்சம் கீழே."

"இங்கேயா?"

"விட்டுடுப்பா, அரிப்பே அலுத்துப் போயிடுச்சு."

நடந்து உள்ளே போனவர்கள் ஒரு மழைக்காலத்துக்குள் நடையை மறந்தார்கள். மந்திரி அதையும் ராஜாவுக்குக் காட்டினார். "பார்த்தீங்களா, எவ்வளவு முடியாதவங்க! நல்லவேளை, உள்ளே கொண்டுவந்தோம்!"

அப்புறம் பல்லக்கு சடைச்சி வாசலுக்கு வந்தது. மந்திரி உள்ளிருந்தபடியே தலையை நீட்டினார்.

"ஆத்தா, நீ எப்போ பொறந்தே?"

"பெரிய வெள்ளத்துல, சாமி."

"எந்த வெள்ளம்?"

"எங்க வீட்டுக்குள்ள வந்த வெள்ளம்."

"அப்போ யாரு ராஜா?"

"மீசை வெச்ச ராஜா."

"எல்லா ராஜாவுக்கும்தான் மீசை! உன்கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டா?"

"அன்னிக்குத்தான் எங்க எருமை கன்னு போட்டுச்சு. அதை அரண்மனை ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க தொழுவத்துல கேட்டுப் பாருங்க."

மந்திரிக்கு மூக்கு சிவந்தது. நேரே அரண்மனைக்குப் போய்ச் சட்டத்தை மாற்றினார். "வயசைக் கேட்டா பொய் சொல்றாங்க, மகாராஜா. முட்டியைக் கேட்போம். எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடுவோம். பந்தியில சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, கையை ஊனாம எழுந்திரிக்கணும். ஊனினவங்க கிழம், மண்டபத்துக்குப் போகணும். பந்தியில உட்கார்ந்த யாருக்கும் விலக்கு கிடையாது!"

"போடு தண்டோரா!" என்றார் ராஜா. அவருக்கென்ன, சாப்பாடு சிம்மாசனத்துக்கே வந்துவிடும்.

ஒருமுறை மண்டபத்துக் கட்டிலில் சாய்ந்தால் அப்புறம் தன் அடுப்பு தனக்கில்லை என்று சடைச்சிக்குத் தெரியும். ஆனாலும் போனாள். அவள் விழுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமென்று மந்திரி பக்கத்து இலையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆத்தாவுக்கு இன்னும் பாயசம் போடு! இன்னும் போடு! வயிறு கனக்கட்டும்!"

"மந்திரி ஐயாவுக்கும் போடுங்கப்பா. தனியாத் தின்னா எனக்கு இறங்காது."

பாயசத்தைப் பார்த்தால் வேண்டாமென்று சொல்லும் பழக்கம் மந்திரிக்கு ஏது? இழுத்துக் குடித்தார்.

பந்தி முடிந்தது. சடைச்சி முந்தானையை இடுப்பில் செருகினாள், முன்னால் சாய்ந்தாள், வரப்பிலிருந்து கொக்கு கிளம்புகிற மாதிரி எழுந்து நின்றாள். விரலில் ஒட்டிய பருக்கை ஒட்டியபடியே இருந்தது.

"சூனியம்!" என்று கத்தினார் மந்திரி.

"ஆமா சாமி. தினம் களை பறிக்கக் குந்திக் குந்தி எழுந்திரிக்கிற சூனியம். சரி, எழுந்திரிங்க, கை கழுவப் போவோம்."

மந்திரி வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிவிட இரண்டு ஆள் ஓடிவந்தார்கள்.

"நில்லுங்கடா!" என்றார் சிம்மாசனத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜா. "பந்தியில உட்கார்ந்த யாருக்கும் விலக்கில்லேன்னு இவர்தானே சொன்னார்? எழுந்திரும், நானும் பார்க்கறேன்."

மந்திரி ஒரு தம் பிடித்தார், தரை விடவில்லை. இரண்டாம் தம் பிடித்தார், கால் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் தம் பிடித்தார், இரண்டு கையும் பாயசத்தில் ஊன்றி, வழுக்கி, முகம் பூசணிக் கூட்டில் போய் விழுந்தது.

"ஐயோ, தூக்குங்கடா!"

ராஜாவுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு கிழமான மனுஷனையா நான் இத்தனை நாள் வேலை வாங்கினேன்! பாவி நான்! கொண்டுபோங்க மண்டபத்துக்கு. இவர் வீடு வாசலைச் சடைச்சி பார்த்துக்கட்டும்."

"அது எனக்கெதுக்கு சாமி? என் பாத்தி எனக்குப் போதும். உள்ளே கிடக்கிறவங்களை அவங்கவங்க வீட்டுக்கு விடுங்க. முடியாதவங்களுக்கு ஊன்றுகோல் குடுங்க, தாங்கிப் பிடிக்கிற கை குடுங்க. முடிஞ்சவங்களைப் படுக்க வெக்காதீங்க."

அப்படியே ஆயிற்று. தள்ளாடிக்கொண்டு போனவர்கள் எல்லாம் தங்கள் அடுப்பைத் தாங்களே மூட்டினார்கள். முதல் நாள் ஊரே கருகல் வாசனை. ஆனாலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லையாம்.

ஆகவே பிள்ளைகளே, கைகாலுக்குத் தினமும் ஏதாவது வேலை கொடுங்கள். சும்மா வைத்தால் அதுகளும் மந்திரியாகிவிடும்.

கதை கரை சேர்ந்தது, கேட்டவர் கண் வளர்ந்தது. ஆனால் சொன்னது யாரென்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். அந்த மந்திரி வம்சம் இன்னும் இருக்கிறது. அவர்களுக்குக் கால்தான் வேலை செய்யாது, காது நன்றாகவே வேலை செய்யும்.