சான்று கேட்ட ஓட்டைக் காலணா

தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த தமயந்தி, பழைய நாணயங்கள் சேர்த்து வந்தாள். அவள் பெட்டியில் ஒரு வெள்ளி ரூபாயும், நடுவே துளையுள்ள செம்புக் காலணாவும் அடுத்தடுத்த குழிகளில் குடியிருந்தன.

ஒரு கண்காட்சியில் யாரோ ரூபாயைப் புரட்டிப் பார்த்து, "இது போலி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரூபாய் குப்புறக் கிடந்தது. தமயந்திக்கும் மனசு சரியில்லை.

நாணய வியாபாரி பஷீரிடம் கேட்டாள். "பாய், தரம் பார்த்துச் சான்று தர்ற கம்பெனிக்கு ரெண்டையும் அனுப்பிடவா?"

"ரூபாயை அனுப்புங்கக்கா. மதிப்பெண் போட்டு, கண்ணாடிப் பேழையில வெச்சுத் திருப்பி அனுப்புவாங்க. நல்ல விலை போற காசு. சந்தேகமும் தீர்ந்துடும். காலணாவுக்கு எதுக்கு? அது விலையைவிடக் கட்டணம்தான் பல மடங்கு."

காலணாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கும் கண்ணாடிப் பேழை வேணும்! எனக்கும் மதிப்பெண் வேணும்!"

"உன்னை யாராவது போலின்னு சொன்னாங்களா?" என்று கேட்டது ரூபாய்.

"இல்லை."

"அந்தச் சொல்லைக் கேட்டுட்டு ஒரு ராத்திரி தூங்கிப் பாரு. நான் பெருமைக்குப் போகலை, தம்பி. தலை நிமிரப் போறேன்."

மறுநாள் ரூபாய் பதிவுத் தபாலில் கிளம்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை, தமயந்தியின் தங்கை மகள் கயல் பொம்மைக்குக் கல்யாணம் வைத்தாள். பந்தல் போட்டாயிற்று, பாயசம்கூடத் தயார். "பெரியம்மா, வளையல் இல்லாம பொண்ணு மணையில உட்கார மாட்டேங்குறா!"

தமயந்தி பெட்டியைத் திறந்தாள். காலணாவை எடுத்து ஒரு கணம் தயங்கினாள். பிறகு சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

மரப்பொம்மையின் கையில் காலணா கச்சிதமாக ஏறியது. கயல் மணமகளைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். காலணா கதவில் இடித்து 'டிங்' என்றது. விளிம்பில் கீறல் விழுந்தது.

"விழட்டும்!" என்று கத்தியது காலணா. "இன்னொரு சுற்று!"

இரண்டு மாதம் கழித்து ரூபாய் திரும்பி வந்தது. பேழைக்குள் நிமிர்ந்து நின்றது. 'உண்மை நாணயம்' என்று மேலே எழுதியிருந்தது. தமயந்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஷீர் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

"அண்ணே, வாழ்த்துகள்!" என்றது காலணா. அதன் குரலில் பொறாமை துளியும் இல்லை.

"நன்றிடா. உன்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! இந்த மாசம் மூணு முகூர்த்தம் இருக்கு!"