பாறையடியில் காய்ந்த சாணம்

மொட்டைப்பாறைக் காட்டில் மிருகங்கள் சேர்ந்து ஒரு சின்ன மின்நிலையம் கட்டியிருந்தன. காய்ந்த சருகையும் சுள்ளியையும் அவை அடுப்பில் எரிக்கும். அண்டாவில் தண்ணீர் கொதித்து, ஆவி கிளம்பிச் சக்கரத்தைச் சுழற்றும். உடனே குண்டு பல்பு பளிச்சென்று எரியும்!

கௌதாரி செவந்திக்கு அந்தப் பல்புதான் உயிர். கீரியிடமிருந்து தப்பியபோது அதன் ஒரு சிறகு பிய்ந்துபோனது. முட்டைகளை மூடி அடைகாக்க முடியவில்லை. பல்பின் சூட்டில் அவற்றை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருந்தது.

அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் பல்பு மங்கியது.

"நரியாரே, என்னாச்சு?" என்று செவந்தி பதறியது.

அடுப்பைப் பார்த்துக்கொள்வது நரியின் வேலை. கோடை முழுக்கச் சருகு சேர்க்காமல் நிழலில் குறட்டை விட்ட மகாராசா அது!

"சருகு தீர்ந்துபோச்சு. வெளியில கிடக்கறதெல்லாம் நனைஞ்சு கிடக்கு. அதனாலென்ன? இதோ நிக்குதே நாவல் மரம்! யானையாரே, ஒரே இழுப்பு இழுங்க!"

யானை அசையவில்லை. "மரத்தைச் சாய்ச்சுட்டா அடுத்த வருசம் சருகு எங்கேருந்து வரும்? உதிர்ந்ததை எரிச்சா மறுபடி உதிரும். மரத்தையே எரிச்சா?"

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பார்த்துக்கலாம்!" என்ற நரி, எட்டிய கிளைகளைக் கடித்து இழுத்து அடுப்பில் திணித்தது.

பச்சைக் கிளை எங்கே எரியும்? புகைதான் மண்டியது. பல்பு செக்கச்சிவந்து அணையப் பார்த்தது. செவந்தி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தது. சூடு குறைந்துகொண்டே போனது.

"ஐயோ, என் குஞ்சுங்க! யாராவது ஏதாவது செய்யுங்களேன்!"

யானை தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. "என்கிட்ட ஒண்ணு இருக்கு. சொன்னா நீ கோவிச்சுக்குவே, தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே!"

"என் சாணம்தான். 'நான் நடக்கற பாதையிலயா போடுவீங்க, வெட்கமா இல்லே?'ன்னு நீ சத்தம் போட்டியே. அன்னையிலேருந்து பாறைக்கு அடியில ஒதுங்கிப் போட்டுக்கிட்டு வர்றேன். அங்கே ஒரு சொட்டு மழை விழாது. மொறுமொறுன்னு காய்ஞ்சு கிடக்கு."

செவந்திக்கு முகம் சுருங்கியது. எத்தனை பேர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறோம்! ஆனால் வெட்கப்பட நேரம் ஏது?

யானை சாணத்தை அள்ளி அள்ளிக் கொண்டுவந்தது. நரி முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் போட்டது. நாரும் காய்ந்த புல்லுமாக இருந்த சாணம் குப்பென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சக்கரம் சுழன்றது. பல்பு பழையபடி பளிச்சிட்டது!

மழை விடும்வரை அது அணையவே இல்லை. ஒரு காலையில் முட்டைகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன.

செவந்தி குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு நேரே யானையிடம் போனது. எல்லோரும் பார்க்க, அதன் காலடியில் தலை தாழ்த்தியது. "அண்ணே, என் வாயால உங்களை எவ்வளவோ பேசிட்டேன். இந்தப் பிள்ளைங்க உங்களால பொழைச்சதுங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன். இனிமே நீங்க எங்கே வேணும்னாலும் போட்டுக்குங்க!"

யானை காதை ஆட்டிச் சிரித்தது. "வேண்டாம் தங்கச்சி. பாறையடியிலேயே போடறேன். அடுத்த மழைக்கு ஆகும்!"

நாம் இளக்காரமாக ஒதுக்கியவர் நமக்கு உதவினால், கூச்சப்படாமல் நாலு பேர் முன்னால் நன்றி சொல்லிவிட வேண்டும்.